மரியாதைச் சொல்

"கோபம் வந்தா உன் வீட்டுக்காரன் என்னடி செய்வான்? அவன் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லையே."

ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், சிப்பியைக் கத்தியால் திறந்துகொண்டே மிலேனிடம் அவள் அக்கா நதேஜ் இப்படிக் கேட்டாள்.

மிலேன் கொஞ்சம் யோசித்தாள். "சத்தமெல்லாம் போட மாட்டான். 'நீங்க'ன்னு கூப்பிடுவான்."

மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "அப்ப மாப்பிள்ளைக்குக் கல்யாணத்தன்னிலேருந்து என் மேல கோபம்தான்னு சொல்லு," என்றார். மிலேனின் கணவன் எமெரிக்கும் சிரிக்கத்தான் செய்தான். ஆனால் காது மடல் சிவந்திருந்தது.

மிலேனின் குடும்பத்தில் யாருக்கும் யாரும் 'நீ'தான். அம்மா அப்பாவை, பிள்ளை அம்மாவை, மச்சான் மச்சானை, எல்லோரும் அப்படியே. 'நீங்க' என்பது வங்கி மேலாளருக்கும் மருத்துவருக்கும் உரியது. எமெரிக்கும் மற்ற நாளில் அவளை 'நீ' என்றுதான் சொல்வான். சண்டை வந்தால் மட்டும் குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு இது புரியாது," என்பான். அந்த ஒரு சொல் விழுந்ததும், குளிர்காலத்தில் யாரோ வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போனது போல வீடு குளிர்ந்துவிடும். மறுநாளோ அதற்கு மறுநாளோ, "உப்பை இப்படி நகத்து, நீ எடுத்துட்டியா?" என்று ஏதாவது சாதாரணமாகக் கேட்பான். சண்டை முடிந்தது என்று அவள் தெரிந்துகொள்வாள்.

அந்த ஆண்டு கல்லறைத் திருநாள் விடுமுறைக்குக் கோட்டைகளைப் பார்க்கப் போகலாம் என்று அவன்தான் சொன்னான். மிலேனுக்கு வியப்பாக இருந்தது. தொலைக்காட்சியில் கோட்டை வந்தாலே சேனலை மாற்றுகிறவன் அவன். ஆனால் எட்டு வயது மகன் திபோ வாள், கேடயம் என்று குதித்துக்கொண்டிருந்தான். அவளும் நாந்த் நகரில் டிராம் ஓட்டி ஓட்டி அலுத்துப்போயிருந்தாள். தண்டவாளம் இல்லாத சாலையில் நாலு நாள் வண்டி ஓட்டினால் நன்றாகத்தான் இருக்கும் என்று சரி சொல்லிவிட்டாள்.

முதலில் தொலைவில் இருக்கும் பெரிய கோட்டைக்கு நேராகப் போய்விடுவது, பிறகு லுவார் ஆற்றோடு வீட்டுப் பக்கமாகத் திரும்பி வருவது என்பது அவன் போட்ட திட்டம். அதனால் முதலில் ஷாம்போர் வந்தது. அங்கே ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஏறும் இரண்டு படிக்கட்டுகளில், அப்பா ஒன்றிலும் பிள்ளை இன்னொன்றிலும் ஏறினார்கள். நடுவில் இருந்த சாளரங்கள் வழியே ஒருவரை ஒருவர் பார்த்துக் கையசைத்தார்கள். மேல் தளத்தில் காற்று ஊசியாய்க் குத்தியது. எமெரிக் அவள் அருகில் வந்து நின்றான்.

"குளிருதுன்னா மேல்கோட்டு போட்டுக்குங்க," என்றான்.

அவன் முகத்தில் கோபம் இல்லை. குரலில் அன்புகூட இருந்தது. மிலேன் காலையிலிருந்து நடந்ததை எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வழி தவறியது அவன், அவள் இல்லை. காபி நன்றாக இல்லை என்று சொன்னதும் அவன்தான்.

அடுத்த கோட்டையான அம்புவாசில் மறுபடியும் அந்தச் சொல் வந்தது. லாஞ்சேயில் அது பிள்ளை மேலும் விழுந்தது. பழைய திரைச்சீலையைத் தொடப்போன திபோவிடம், "கையை எடுங்க," என்றான் எமெரிக். திபோ கெக்கெக்கென்று சிரித்தான். அப்பா வீரர்கள் விளையாட்டு ஆடுகிறார் என்று நினைத்து, குனிந்து வணங்கி, "உத்தரவு பிரபுவே, நீங்க சொன்னா சரி," என்றான். எமெரிக் சிரிக்கவில்லை. பிள்ளையின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்திவிட்டான்.

மேற்கே வர வர கோட்டைகள் சிறுத்தன, கூட்டமும் குறைந்தது. ஆற்றின் மேல் பனிமூட்டம் இறங்கி மதியம் வரை விலகவில்லை. மூன்றாம் நாள் இரவு விடுதியில் அவன் சாப்பிடவே இல்லை. ஏதாவது உடம்புக்கா என்று கேட்டதற்கு, "நீங்க சாப்பிடுங்க," என்றான். மிலேன் குளியலறைக்குள் போய் அக்காவுக்குப் போன் செய்தாள். நதேஜ் வழக்கம்போலக் கேலி செய்தாள். கோட்டையெல்லாம் பார்த்துத் தலைக்கேறிவிட்டது, வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவினால் தெளிந்துவிடும் என்றாள். மிலேனுக்கும் அப்படி நம்பத்தான் ஆசை.

கடைசி நாள் காலையில் சொமூர் நகரைத் தாண்டி ஒரு பேரங்காடி வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னான். அந்த வாரம் எல்லா இடத்திலும் இருப்பது போல அங்கேயும் சாமந்தித் தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கல்லறையில் வைப்பதற்கு அன்றி வேறு எதற்கும் அந்தப் பூவை யாரும் வாங்க மாட்டார்கள். அவன் வெள்ளைச் சாமந்தியாகப் பார்த்து ஒரு தொட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"யாருக்கு?"

"இங்க பக்கத்துல ஒருத்தங்க இருக்காங்க."

"இருக்காங்களா, இருந்தாங்களா?"

அவன் தொட்டியை மடியில் சரியாக நகர்த்தி வைத்துக்கொண்டான். அவனுடைய குடும்பத்தைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். பேச்சு வைத்துக்கொள்கிற மாதிரி யாரும் இல்லை என்றான் அப்போது. எல்லோரும் இறந்துவிட்டார்கள் போலும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அதற்கு மேல் கிளற வேண்டாம் என்று விட்டுவிட்டாள். வண்டிக்குள் சாமந்தியின் கசந்த வாசனை நிறைந்தது. திபோ கண்ணாடியை இறக்கினான்.

வழி சொல்ல அவன் வரைபடத்தைப் பார்க்கவில்லை. இடது, பிறகு இடது, பிறகு அந்தச் சிலுவைக்குப் பக்கத்தில் வலது என்றான். இலை உதிர்த்த மரங்கள் இரண்டு வரிசையாய் நின்ற நீளமான சாலை ஒன்று வந்தது. அதன் முடிவில் இரண்டு கோபுரங்கள் கொண்ட ஒரு கோட்டை. ஒரு கோபுரத்தின் கூரையில் நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. அகழியில் பாசி. நுழைவுச் சீட்டு விற்கும் அறை இல்லை. கோட்டையின் பெயர் எழுதிய பலகை இல்லை. வேறு ஒரு வண்டிகூட இல்லை.

"மூடியிருக்கு போல," என்றாள் மிலேன்.

எமெரிக் இறங்கிப்போய், இரும்பு கேட்டைக் கொஞ்சம் மேலே தூக்கி, தோளால் ஒரு தள்ளு தள்ளினான். அது திறந்துகொண்டது. அப்படித் தூக்கித் தள்ளினால்தான் அது திறக்கும் என்பது புதிதாக வந்த ஆளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. உள்ளே போகும் சின்னக் கதவுக்கு முன்னால், பார்க்காமலேயே தலையைக் குனிந்துகொண்டான். பின்னால் வந்த மிலேன் நெற்றியை இடித்துக்கொண்டாள்.

கூடத்தில் ஒரு கிழவர் நின்றிருந்தார். நல்ல உயரம். முழங்கையில் தோல் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை. கணப்பு எரிந்தும் அந்தக் கூடத்தில் மூச்சு ஆவியாய்த் தெரிந்தது.

"நேரம் கழிச்சு வந்திருக்கீங்க," என்றார்.

"மன்னிச்சிடுங்க, அப்பா," என்றான் எமெரிக்.

மிலேனின் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. அப்பா. அவன் அவரை 'நீங்க' என்கிறான். அவரும் பெற்ற மகனை 'நீங்க' என்கிறார். கைகூடக் கொடுத்துக்கொள்ளவில்லை. நான்கு நாட்களாக அந்தச் சொல்லுக்காகத் தன்னிடம் குற்றம் தேடிக்கொண்டிருந்ததை நினைத்தாள். அந்தச் சொல்லுக்குக் கோபம் என்று அர்த்தமே இல்லை. இந்த வீட்டின் பேச்சே அதுதான். கோபம் வரும்போதெல்லாம் அவன் மனதால் இங்கே திரும்பி வந்து நின்றுதான் அவளோடு பேசியிருக்கிறான். இந்தத் தடவை எல்லோரையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

கிழவர் பிள்ளையைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "நீங்கதான் திபோவா?"

சுவர் முழுக்கப் படங்கள் தொங்கின. கவசம் போட்டவர், பொய்முடி வைத்தவர், தாடி வைத்தவர். ஒவ்வொன்றின் அடியிலும் பித்தளைத் தகட்டில் பெயர் இருந்தது. திபோ எழுத்துக்கூட்டிப் படித்தான். "அம்மா, இவரும் திபோ. அங்க பாரு, அவரும் திபோ." பிள்ளைக்கு இந்தப் பெயர்தான் வேண்டும் என்று பிரசவ அறையில் எமெரிக் பிடிவாதம் பிடித்தது மிலேனுக்கு நினைவு வந்தது. பழைய காலத்துப் பெயராய் இருக்கிறதே என்று மட்டும்தான் அன்றைக்குச் சொன்னாள்.

சாமந்தித் தொட்டியைத் தோட்டத்துச் சிற்றாலயத்தில், புதிய கல் ஒன்றின் மேல் வைத்தார்கள். எமெரிக்கின் அம்மா. போன ஈஸ்டர் சமயத்தில் இறந்திருக்கிறார். அந்த வாரம் அவன் அலுவலகப் பயிற்சி என்று சொல்லிவிட்டு ஆன்ஜே போயிருந்தான்.

திரும்பி வந்தபோது மேசையில் ரொட்டியும் அதில் தடவக் கறிக்கூழும் தேநீரும் இருந்தன. கை கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு மிலேன் மாடிக்குப் போனாள். கோபுரத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு குட்டிக் கட்டில், புதுப் போர்வை. நாற்காலிக்குப் பக்கத்தில் அவர்கள் பூட்டாமல் விட்ட வண்டியில் இருந்த திபோவின் பெட்டி காலியாகக் கிடந்தது. ஆலயத்தில் நின்றபோது யாரோ கொண்டுவந்து பிரித்து வைத்திருக்கிறார்கள். அலமாரியைத் திறந்தாள். அவள் எடுத்து வைக்காத துணிகள் எல்லாம் அதில் மடித்து இருந்தன. மழைக்காலச் செருப்பு, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, கோடைக்காலக் கால்சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையின் நீச்சல் உடை.

எமெரிக் கதவருகே வந்து நின்றான்.

"அக்டோபர் மாசத்துல நீச்சல் உடை எதுக்கு?" என்று கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, கோர்வை இல்லாமல் சொன்னான். அம்மா சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள், மறுக்க முடியவில்லை. இந்த வீட்டில் ஒரு திபோ வளர வேண்டும். பாதிரியார்கள் நடத்தும் பள்ளி பக்கத்தில்தான், திங்கட்கிழமை சேர வேண்டும். தானும் இங்கேயே இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறான். "நீங்க ஞாயித்துக்கிழமை எப்ப வேணும்னாலும் வரலாம்," என்றான். அறையில் அவர்கள் இருவர் மட்டும்தான். அப்போதும் 'நீங்க'தான்.

மிலேன் அவனைத் தாண்டிக்கொண்டு கீழே இறங்கினாள். கூடத்தில் கிழவர் திபோவுக்கு ரொட்டியில் கறிக்கூழ் தடவக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். முழங்கையை மேசையில் வைக்கக் கூடாது, பெரியவர்கள் கேட்காமல் பேசக் கூடாது, இந்த வீட்டில் யாரும் யாரையும் 'நீ' என்று சொல்லக் கூடாது. திபோவின் கண் கலங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழப்போய், கிழவரைப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான்.

"அம்மா," என்றான் மெதுவாக. "நீங்க எங்க போயிட்டீங்க?"

அந்த வீட்டுக் குளிர் அப்போதுதான் அவள் எலும்பில் பட்டது. நாற்காலியில் தொங்கிய பிள்ளையின் மேல்கோட்டை எடுத்து, ஒரு கையை நுழைத்து, இன்னொரு கையை நுழைத்து, கழுத்து வரை பொத்தான் போட்டாள். கிழவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உங்க கணவரோட இது பேசி முடிச்ச விஷயம், அம்மணி."

"நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்கோ," என்றாள் மிலேன். "என் பிள்ளையை உன்கிட்ட விட மாட்டேன். உன் சுவத்துல இன்னொரு படம் மாட்டணும்னா நீ வேற யாரையாவது பாரு."

கிழவரின் முகத்தில் ரத்தம் ஏறவில்லை, இறங்கியது. அவரைக் கட்டிக்கொண்டவள்கூடச் சாகும்வரை 'நீங்க' என்றே அழைத்திருப்பாள். அறைந்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். பார்வையைக் கணப்பின் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு அந்த அறையில் மிலேன் என்று ஒருத்தி இல்லை.

"மன்னிப்புக் கேளுங்க," என்றான் படிக்கட்டில் நின்ற எமெரிக். அவன் உதடு வெளுத்திருந்தது.

"கேக்கறேன்," என்றாள். "அதுக்கு முன்னால என்னை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவர் காதுல விழற மாதிரி 'நீ'ன்னு கூப்பிடு. மன்னிப்பும் கேட்டுடறேன். மூணு பேருமா வீட்டுக்குப் போயிடலாம். நடந்ததை யாருக்கும் சொல்ல மாட்டேன். அக்காவுக்குக்கூட."

கணப்பில் விறகு ஒன்று சரிந்தது. எமெரிக் அப்பாவின் முதுகைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஒரு சின்ன ஓரெழுத்துச் சொல்தான். சாப்பாட்டு மேசையில், கட்டிலில், டிராம் நிறுத்தத்தில் எத்தனையோ முறை சொன்ன சொல். திபோ அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் வாயையே பார்த்திருந்தான்.

எமெரிக் திரும்பி மாடிக்குப் போனான்.

வண்டிச் சாவி மிலேனின் சட்டைப்பையில்தான் இருந்தது. பிள்ளையை இழுத்துக்கொண்டு அகழிப் பாலத்தைக் கடந்து, பின் இருக்கையில் உட்கார வைத்து, கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பியபோது வண்டியின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தாள். எமெரிக். திபோவின் பெட்டியை உள்ளே வைத்துக்கொண்டிருந்தான். அலமாரியில் இருந்ததை எல்லாம் வாரிப் போட்டிருக்கிறான், மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு சட்டைக்கை வெளியே தொங்கியது. அதை உள்ளே தள்ளி, தாழைப் போட்டு, கதவைச் சத்தம் வராமல் மூடினான்.

அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுதாக இறக்கினாள். அவன் அருகில் வந்து நின்றான். மூச்சு ஆவியாய் அவள் முகத்தில் பட்டது. பின் இருக்கையில் இருந்து திபோ, "அப்பா, முன்னாடி ஏறு," என்றான்.

அவன் கையை நீட்டிப் பிள்ளையின் முழங்காலை ஒரு தடவை அழுத்தினான். பிறகு எதுவும் பேசாமல் பனிக்குள் நடந்து பாலத்தைத் தாண்டிப் போனான்.