அரிசி கழுவிய நிறம்

கிள்ளானில், சுவருக்கு அடிக்கிற பெயின்ட் விற்கும் என் சாயக் கடைக்கு வந்து சிவப்புக் கேட்டவர்கள் யாரும் என்னைக் கஷ்டப்படுத்தியதில்லை. வீட்டு முன்பக்கத்துக்கு ஊதாவும் ஆரஞ்சும் சேர்த்துக் கேட்ட, காப்பார் ஊரிலிருந்து வந்த இரண்டு சம்பந்திகள்கூட ஒரு கோப்பி ஆறுவதற்குள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். உயிரை எடுப்பவர்கள், நிறமே வேண்டாம் என்று வருகிறவர்கள்தான். வெள்ளையாக இருக்கக் கூடாது. ஆனால் நிறமும் இருக்கக் கூடாது. இப்போது கல்யாணம் செய்கிற பிள்ளைகள் எல்லோரும் அந்த ஜாதி.

திருமுருகனும் மாதவியும் அப்படித்தான் வந்தார்கள். பக்கத்து ஊர் மேருவில் புதிதாக வாங்கிய டெரஸ் வரிசை வீடு. பால் காய்ச்சுவதற்கு முன்னால் சாயம் அடித்தாக வேண்டும், அது முடிந்த கையோடு கல்யாணம். முதல் தடவை வந்தபோதே இருநூறு நிற அட்டைகளையும் கலைத்துப் போட்டு இரண்டில் வந்து நின்றுவிட்டார்கள். கம்பெனிக்காரன் அந்த இரண்டுக்கும் வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர் வைத்திருந்தான். எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னால், ஒன்று அரிசி கழுவிய தண்ணீர். இன்னொன்று அதே அரிசியை இரண்டாவது தடவை கழுவிய தண்ணீர், கொஞ்சம் பானைக் கறுப்பும் கலந்து. நான் அப்படிச் சொன்னதும் மாதவி சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்களுக்குள் அவை முதல் தண்ணி, ரெண்டாந் தண்ணி.

சிரிப்போடு முடிந்திருந்தால் சரி. அந்தப் பெண் அட்டைகளை வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தாள், லைட் வெளிச்சத்தில் பார்த்தாள், செல்போனில் படம் பிடித்தாள். பிறகு அவனைப் பார்த்து எது பிடிச்சிருக்கு என்று கேட்டாள். அவன் முதல் தண்ணீரைப் பார்த்து நல்லாத்தான் இருக்கு என்றான். இரண்டாம் தண்ணீரைப் பார்த்து, சுமாராத்தான் இருக்கு, மழை நாளில் அழுது வடியும், பல்லி வந்து உட்கார்ந்தால் தெரியாது என்று ஒவ்வொன்றாகக் குறை அடுக்கினான். சரி, அப்போ முதல் தண்ணியா என்றாள். உங்க இஷ்டம் என்றான். இரண்டாவது தடவை வந்தபோதும் இதே பாட்டு. பல்லிக்குப் பதில் எறும்பு.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இவன் அப்பா ரெங்கசாமி லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருப்பவர். எங்கள் மாதிரி கடைக்காரக் குடும்பங்களில் பிள்ளைக்குப் பேச்சு வந்தவுடன் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே, கடைக்காரன் முன்னால் பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொல்லாதே என்பதுதான். சொன்னால் விலை ஏறும். அல்லது சாமான் கைவிட்டுப் போகும். வேண்டாத சாமானை ரெண்டு நல்ல வார்த்தை சொல்லி ஒதுக்க வேண்டும். வேண்டிய சாமானில் குறை கண்டுபிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரெங்கசாமி ஒருமுறை என்னிடம் கடைக்குச் சாயம் வாங்கியபோது, டின் மூடியிலிருந்து என் மீசை வரைக்கும் குறை சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த வாரமே அவர் சொந்தக்காரர்கள் நாலு பேர் அதே சாயம் கேட்டு வந்தார்கள். ஆகவே பையனுக்கு இரண்டாம் தண்ணீர்மேல் உயிர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாதவிக்கு இந்தப் பாஷை தெரியாது. அவள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பெண். அப்பா பரமேஸ்வரன் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். போர்டில் போட்ட விலையைக் கொடுத்துவிட்டுக் கடைக்காரனுக்கு நன்றியும் சொல்கிற குடும்பம். அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதே எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு ஆறுதல்.

மூன்றாவது தடவை ஒரு சனிக்கிழமை வந்தார்கள். திருமுருகன் வந்த வேகத்தில் ஒரு லோரிக்குக் குறுக்கே காரை நிறுத்திவிட்டு வந்திருந்தான். லோரிக்காரன் ஹாரனில் கை வைத்து எடுக்கவே இல்லை. காரை எடுத்து வேறு இடத்தில் போட்டுவிட்டு வருகிறேன் என்று அவன் ஓடினான். அவன் தலை மறைந்ததும் மாதவி என் மேசைக்கு முன்னாலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

நாளைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கிறார்களாம். அதற்குள் அவளுக்கு ஒன்று தெரிய வேண்டுமாம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, பெண் எப்படி என்று அவன் அப்பா கேட்டதற்கு அவன் பரவாயில்லை என்றானாம். தரகர் அம்மா அதை அப்படியே இவர்கள் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு புடவை எடுத்தார்கள், மண்டபம் பார்த்தார்கள், வீடு வாங்கினார்கள். எல்லாவற்றுக்கும் சுமார், பரவாயில்லை, உங்க இஷ்டம்.

"வீட்டுச் சுவருக்குக்கூட ஆசைப்பட்டு ஒன்னு சொல்லத் தெரியல அங்கிள். அப்பா அம்மா பார்த்தாங்க, கட்டிக்கிறேன்னு தலையாட்டிட்டாரு போல. இன்னைக்கும் இவரு வாயைத் திறக்கலன்னா, பத்திரிகை அடிக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லிடப் போறேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. கடையில் பிரஷ் என்ன விலை என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

நான் எங்கள் ஆட்களின் வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். குறை சொன்னால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிடிக்காத ஆளும் அதையேதான சொல்லுவான் அங்கிள்? அப்ப நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள்.

முப்பது வருஷமாக வியாபாரம் செய்கிறேன். இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பக்கத்துக் கோப்பிக் கடையிலிருந்து அவளுக்குச் சூடாக ஒரு தே வரவழைத்துக் கொடுத்தேன்.

திருமுருகன் வேர்த்து வழிய வந்து சேர்ந்தான். அவன் வாயைத் திறக்க வைக்க எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் தண்ணீர் அட்டையை எடுத்து மேசை டிராயரில் போட்டேன். "இதை மறந்துடுங்க தம்பி. செராஸ்லருந்து ஒரு பார்ட்டி வந்து எல்லாத்தையும் எனக்கேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு" என்றேன்.

அவன் முகம் ஒரு நொடி சுருங்கியது. அந்த ஒரு நொடியை மாதவி பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் தேயை ஊதிக்கொண்டிருந்தாள். அதற்குள் அவன் சுதாரித்துக்கொண்டு சிரித்தான்.

"அங்கிள், எங்கப்பா டெய்லி சேலை விக்கறப்ப சொல்ற பொய் லா இது. மெஷின்ல கலக்குற சாயம் எப்படித் தீந்துபோகும்?"

ஆமாம். வெள்ளை டின்னைத் திறந்து வைத்தால் மெஷின் சொட்டுச் சொட்டாக நிறத்தை விடும். உலகத்தில் மழை நின்றாலும் இரண்டாம் தண்ணீர் நிற்காது. டிராயரைத் திறந்து அட்டையை வெளியே வைத்தேன். கடைக்காரன் பொய் பிடிபட்டால் செய்யக்கூடியது, பொய்யே சொல்லாதவன் மாதிரி உட்கார்ந்திருப்பதுதான்.

மாதவி தேயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "பரவால்ல அங்கிள். அவருக்குத்தான் அது சுமாராச்சே. முதல் தண்ணியே கலங்க. யாராவது ஒருத்தர் முடிவு எடுக்கணும்ல." பரவால்ல என்ற வார்த்தையை அவள் அவனைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்கு அந்தச் சாயத்தைக் கலக்கவே மனசில்லை. அது அவள் வாங்குகிற கடைசிச் சாமான் மாதிரி இருந்தது.

வெள்ளை டின்னைத் திறந்து மெஷினுக்கு அடியில் வைத்தேன். மெஷினுக்கு மேலே, கலந்த சாயம் திரும்ப எடுக்கப்படாது என்று மூன்று பாஷையில் போர்டு மாட்டியிருக்கிறேன். திருமுருகன் மூன்று பாஷையிலும் அதைப் படித்தான். கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினேன். எவ்வளவு மெதுவாகத் தட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக. கடைசியாக, மெஷினை ஓட்டும் பொத்தானுக்கு விரலைத் தூக்கியபோது அவன் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"இருங்க அங்கிள்."

"என்ன தம்பி, குறை எதுவும் பாக்கி இருக்கா?"

அவன் என்னைப் பார்த்தான், விலைப்பட்டியலைப் பார்த்தான். இன்னும் பேரம் ஆரம்பிக்கவில்லை. கடைக்காரன் எதிரில், விலை பேசுவதற்கு முன்னால், பிடித்ததைச் சொல்லப் போகிறான். அவன் அப்பா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

"எனக்கு ரெண்டாந் தண்ணிதான் வேணும்" என்றான். பிறகு மாதவி பக்கம் திரும்பி, அதுவரை போட்டிருந்த மரியாதையெல்லாம் தவறிப்போக, "அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தப்ப உன் மூஞ்சியப் பார்க்க எனக்குத் தைரியம் வரல. உனக்குப் பின்னால இருந்த சுவத்தையே பார்த்துட்டிருந்தேன். அது இந்தக் கலரு. இந்த அட்டையப் பார்க்கும்போதெல்லாம் நீ அதுக்கு முன்னால நிக்கிற மாதிரியே இருக்கு" என்றான்.

"அப்புறம் எதுக்குப் பரவாயில்லன்னு சொன்னீங்க?"

"வேற எதாவது சொன்னா விட்டுப்போயிடும்னு பயம். அப்படியே பழகிடுச்சு. நான் பரவாயில்லன்னதும் எங்கப்பா என்ன பண்ணாருன்னு தெரியுமா? காரைத் திருப்பி லட்டு வாங்கப் போயிட்டாரு. ரெண்டு பெட்டி. தெருவுக்கே கொடுத்தாரு."

மாதவி அட்டையை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுடைய தோள் குலுங்க ஆரம்பித்ததும் அழுகிறாளோ என்று நான் டிஷ்யூ பெட்டியைத் தேடினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது சாயம் இல்லங்க. அழுக்கு."

திருமுருகனுக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். அந்தச் சுவரை ஒட்டித்தான் அவர்கள் வீட்டுச் சாமி மேடை. அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அப்பா அடித்தது கிட்டத்தட்ட இந்த முதல் தண்ணீரேதான். அதற்குப் பிறகு அந்தச் சுவரில் பட்டதெல்லாம் அம்மாவின் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி மட்டும். வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், சாயம் அடியுங்கள் என்று அம்மா தலைதலையாய் அடித்துக்கொண்டாளாம். மாப்பிள்ளை என்ன சுவத்தையா பார்க்கப் போறாரு என்றாராம் அப்பா.

நான் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டேன். பையன் நின்ற நிலையைப் பார்த்தால், பட்டு என்று நினைத்து நைலான் வாங்கிய துணிக்கடைக்காரன் மாதிரி இருந்தது.

அவள் அட்டையை மேசையில் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். "முதல் தண்ணியே அடிப்போம். நான் வெள்ளிக்கிழமை தவறாம சாம்பிராணி போடுவேன். ரெண்டாந் தண்ணி அதுவா வந்துடும்."

"அதுக்கு ரொம்ப வருஷம் ஆகுமே?"

"ஆகட்டுமே. நாம அங்கதான இருக்கப் போறோம்?"

என் கையைத் தூக்கி அவனே பொத்தான்மேல் வைத்தான். மெஷின் சொட்டியது. டின்னைக் குலுக்கும் மெஷினில் போட்டேன். அது கடகடவென்று ஆடியபோது, பத்திரிகையில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று இருவரும் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

விலை பேச வேண்டிய இடத்தில் நான் தெளிவாக இருந்தேன். இப்படி ஒரு நாள் வியாபாரிக்கு அபூர்வமாகத்தான் வாய்க்கும். வாங்குகிறவர்கள் இருவரும் மனசைத் திறந்து கொட்டிவிட்டார்கள், இனி ஒரு காசு குறையாது என்றேன். திருமுருகன் பர்ஸை எடுத்தான். அப்போது மாதவி டின்னைத் திருப்பிப் பார்த்தாள்.

"மூடி நசுங்கியிருக்கு அங்கிள்" என்றாள். "கலரும் அப்படியொன்னும் இல்ல. சுமாராத்தான் இருக்கு. மழை நாள்ல அழுது வடியுமோ என்னமோ."

நான் திருமுருகனைப் பார்த்தேன். அவன் வாயைப் பிளந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ பிரிக்ஃபீல்ட்ஸ் பொண்ணுதானம்மா?" என்று கேட்டேன். "சரி, அதையும் சொல்லிடு. மாப்பிள்ளை எப்படி?"

அவள் அவனை, கவுண்டரில் விரித்த சேலையைப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"பரவாயில்ல" என்றாள்.

திருமுருகன் தரையைப் பார்த்துச் சிரித்தான். காது வரைக்கும் சிவந்துவிட்டான். நான் விலையைக் குறைத்து, ஒரு ரோலரையும் சும்மா கொடுத்தேன். அவர்கள் போன பிறகுதான் உறைத்தது: இனி அந்த வீட்டுக்குச் சாம்பிராணிதான் சாயம் அடிக்கும். என் கடைப் பக்கம் அவர்கள் இந்த ஜென்மத்தில் வர மாட்டார்கள்.