மறைப்புரையில் ஒரு நாழிகை

…இன்னும் எண்ணெய் ஊறவில்லை, ஊறினால் தோல் கொஞ்சம் மங்கும், இது இப்போதும் பளபளவென்றுதான் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இருக்கலாம், ஒன்றும் அவசரம் இல்லை… இல்லையா? பத்து மணி பஸ்ஸில் நார்பர்ட் வந்து இறங்குகிறான், ஆறு மாசம் ஜெயிலில் கிடந்துவிட்டு. பாறசாலை ஜங்ஷனில் கொடியும் மாலையுமாக ஆட்கள் நிற்பார்கள். மாலையை நான்தான் போட வேண்டும் என்று கமிட்டிக்கார வேதமணி சார் நேற்றே வந்து சொல்லிவிட்டுப் போனார், "அடி தாங்காம அவன் பேரைப் போலீஸ்ல சொன்னது ஒரு குத்தமில்ல சுயம்பு, நீ மாலையைப் போடு, நம்ம இயக்கத்துக்குள்ளே பிணக்கம் இல்லைன்னு நாலு பேரு பாக்கட்டும்", நானும் தலையை ஆட்டினேன், தலைக்கு என்ன, அது எதற்கும் ஆடும். ஓலை இடுக்கு வழியாக வெயில் என் முழங்காலில் விழுகிறது, முழங்காலுக்கு வந்துவிட்டால் மணி ஒன்பது தாண்டியாச்சு, இப்போது எழுந்தால்கூட தலைக்கு ஊற்றித் துவட்டி வேட்டி மாற்றி வயல் வரப்பு வழியாக ஓடினால் பிடித்துவிடலாம், எழு… மூச்சைப் பார். மூக்கில் வருகிற காற்றை மட்டும் பார். டொப். பானையிலிருந்து ஒரு சொட்டு. உள்ளே இழு. டொப். வெளியே விடு. மாலை ரோசாப்பூ மாலையா, துளசியா? டொப். போச்சு, தப்பிவிட்டது, முதலிலிருந்து.

இப்படி ஒரு இருப்பு எனக்கு வாய்க்கும் என்று யார் நினைத்தார்கள். கல்லுடைக்கிறவனுக்குக் குளி என்றால் என்ன, கிணற்றடியில் நின்று நாலு பட்டை தண்ணீர் கோரி ஊற்றிவிட்டுப் போகிறதுதான். மறைப்புரை பெண்கள் குளிக்கக் கட்டியது, கிணற்றுக்குப் பின்னால் நாலு கமுகுத் தடி, முடைந்த ஓலை, உள்ளே துவைக்கிற கல் ஒன்று, கை நீட்டினால் இரண்டு பக்கமும் ஓலை இடிக்கும், அவ்வளவுதான் இடம். அடிபட்டுக் கிடந்தபோது வேலாயுதன் ஆசான் வந்து முதுகையும் உள்ளங்காலையும் நெக்கிப் பார்த்தார், வர்ம ஆசான், எங்கே அடி விழுந்தது என்று நாம் சொல்ல வேண்டாம், அவர் விரல் தானே போய் நிற்கும். கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கையிலே அடி இல்லியே சுயம்பு, பின்ன இது என்னத்துக்குக் கெடந்து வெறைக்குது?" என்றார். எனக்கு எப்படித் தெரியும். எண்ணெய் தந்தார். தேய்த்துவிட்டு ஒரு நாழிகை யாரோடும் பேசாமல் இருக்க வேண்டும், மூச்சை மட்டும் பார்க்க வேண்டும், "வேற ஒண்ணையும் பாக்காதே, பெண்டாட்டியையும் பாக்காதே" என்று சிரித்தார். அறை ஒன்று, அடுப்பு ஒன்று என்று இருக்கிற வீட்டில் ஆளில்லாத இடம் எது? இந்த மறைப்புரைதான். இங்கே வந்து உட்கார்ந்தால் முதலில் மூச்சு ஒரு நிலைக்கு வரவே இல்லை, பாறையில் கூடம், கல்லுடைக்கிற சம்மட்டி, விழுகிற சத்தத்திலேயே வளர்ந்த காது, சும்மா இருந்தால் அது பிராந்து பிடித்ததுபோல எதையாவது தேடும், அதற்குத்தான் பழைய மண்பானையின் அடியில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டு உறியில் தூக்கிவிட்டேன். ஒரு சொட்டுக்கு உள்ளே, ஒரு சொட்டுக்கு வெளியே. நூற்றிருபது சொட்டு. பிறகு செம்பு, காலுக்கு, முழங்காலுக்கு, முதுகுக்கு, தலைக்குக் கடைசி. வீட்டுக்காரி கிருஷ்ணம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, பானை ஒழுகுது, வேற வாங்கணும் என்றாள், ஒழுகத்தான் வச்சிருக்கேன் என்றேன், என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், தலையிலும் அடி விழுந்திருக்குமோ என்று பார்த்திருப்பாள்.

அவளைக் குறை சொல்லக் கூடாது. நாலு பேர் என்னைக் கொண்டுவந்து முற்றத்தில் கிடத்தினபோது அவள் அலறவில்லை, வெந்நீர் வைக்கப் போனாள். அன்றிலிருந்து தினம் இந்த எண்ணெய். தேய்க்கும்போது ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஆனால் கிணற்றடிக்கு வருகிற பெண்களிடம் சொல்வாள், எனக்குக் கேட்கும், "முதுகில ஒரு சாண் எடம் பாக்கியில்ல, அவ்வளவும் வாங்கின பொறவாக்கும் பேரு செல்லினது". அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் உயரும். மானமாக ஒன்றைத் தூக்கிப் பிடிப்பதுபோல. அவளுக்கு வேறென்ன இருக்கிறது தூக்கிப் பிடிக்க, பாறைக்குப் போனால் கூடம் அடிக்கிற ராஜையா என்னைக் கம்பி பிடிக்க விடுவதில்லை, ஒருத்தன் கம்பியைப் பிடிக்க ஒருத்தன் கூடத்தால் அடிக்கிற வேலை, பிடிக்கிற கை ஆடினால் அடிக்கிறவன் மேல் பழி, "நீ சல்லி பெறக்கு சுயம்பண்ணே" என்கிறான். பெண்கள் பொறுக்குகிற சல்லி. பொறுக்குகிறேன். நார்பர்ட் இருந்தால் இதையும் ஒரு தமாஷாக்கிவிடுவான். பொழியூர்க் கடப்புறத்திலிருந்து சைக்கிளில் கருவாட்டுக் கூடையோடு வெள்ளறடை வரைக்கும் போகிறவன், எங்கள் பாறையில் நிறுத்தி வெள்ளம் வாங்கிக் குடிப்பான், அப்படித்தான் பழக்கம். கூடைக்கு அடியில் நோட்டீஸ் கொண்டுவருவான், எனக்கு வாசிக்கத் தெரியாது, அவன் வாசித்துக் காட்டுவான், கோர்ட்டிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழ் வேணும், தாலுகாவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கணும். எங்கள் காணி பிரிந்தபோது ரிஜிஸ்டர் கச்சேரியில் மலையாளத்தில் எழுதினதில் நான் பெருவிரல் வைத்துவிட்டு வந்தேன், வந்து கேட்டால் கிணறு தம்பி பங்குக்குப் போயிருக்கிறது, இன்றைக்கும் அவன் தயவில்தான் நாங்கள் கோருகிறோம், அப்படி ஒரு ஆளுக்கு இதெல்லாம் வாசித்தால் கேட்கத்தானே தோன்றும். நோட்டீஸ் மீன் நாறும். ஒட்டின சுவரெல்லாம் மீன் நாறும், பூனை நக்கிக் கிழித்துவிடும் என்று சிரித்தோம்…

சத்தம். என்ன அது? மேற்கே, ரோட்டுப் பக்கம். கொட்டு. ஆட்கள் கூவுகிறார்கள், ஜே என்கிறார்கள், என்ன ஜே என்று பிரிந்து கேட்கவில்லை. வந்துவிட்டான். வந்து இறங்கி, கழுத்தைக் குனிந்து, யாரோ போட்ட மாலையை வாங்கிக்கொண்டு… கண்ணால் தேடியிருப்பானோ? "இஞ்ச பாருங்க," கிருஷ்ணம்மா ஓலைக்கு வெளியே வந்து நிற்கிறாள், "பஸ்ஸு வந்தாச்சு, நீங்க உள்ள இருந்து அடைகாக்குதீங்களா?" எண்ணெய் ஊறவில்லை என்கிறேன். "அது அண்ணைக்கே எலும்பு வரைக்கும் ஊறியாச்சு," என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இனி ஓடிப் பிரயோசனம் இல்லை என்று ஆனதும் உடம்பு லேசாகிறது பார், வெட்கம் கெட்ட உடம்பு. டொப். உள்ளே. டொப். வெளியே. இப்போது நன்றாக வருகிறது, இன்றைக்கு இதுவரை வராத மாதிரி வருகிறது, நாற்பது, நாற்பத்தொன்று, கொட்டுச் சத்தம் தேய்ந்துபோய்விட்டது, ஓலையில் ஒரு பல்லி, ஐம்பது… இதிலே ஒரு சங்கடம் உண்டு, ஆசான் அதைச் சொல்லவில்லை. மூச்சு நிதானத்துக்கு வர வர, கலங்கின கிணறு தெளிகிற மாதிரி, அடியில் கிடக்கிறது தெரிய ஆரம்பிக்கும். நான் எழுபதுக்கு மேல் போவதே இல்லை, எழுபதில் ஒரு இருமல் வரும், அல்லது செம்பை எடுத்துவிடுவேன். இன்றைக்கு இருமல் வரவில்லை.

கை. அன்றைக்குக் கையில் மரச்சீனிக்கிழங்கு மாவுப் பசை, நோட்டீஸ் ஒட்டக் காய்ச்சினது, காய்ந்து வெள்ளையாக வெடித்துக் கிடந்தது, மடக்கினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. புதுக்கடையில் போலீஸ் ஆட்களைச் சுட்ட வாரம், எங்கே பார்த்தாலும் போலீஸ், ஒட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே பிடித்தார்கள். ஸ்டேஷனில் ஏட்டு சாயா குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸை ஊதி ஊதி. கம்பு சுவரில் சாய்ந்து இருந்தது. சாய்ந்துதான் இருந்தது. "ஆராடா தந்தது?" என்று கேட்டார், வழி கேட்கிற ஆள் மாதிரி, கோபம்கூட இல்லை, வாயில் சாயா. நான் சொன்னேன். "நார்பர்ட்டு. கருவாடு கொண்டு வாறவன்." பொழியூரில் குருசடிக்கு வடக்கே மூணாவது வீடு என்றும் சொன்னேன், அதை அவர் கேட்கவே இல்லை. ஏட்டு கிளாஸைக் கீழே வைத்தார். மற்ற போலீஸ்காரனைப் பார்த்து, "இத்ர வேகம் பறஞ்ஞோ? எங்கில் இனியும் உண்டு" என்றார். இவ்வளவு சீக்கிரம் சொல்கிறவனிடம் இன்னும் நிறைய இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டார், பாவம் மனுஷன். அதற்குப் பிறகுதான் கம்பு. அதற்குப் பிறகுதான் எல்லாம். என்னிடம் இருந்தது அந்த ஒரு பேர், அதை முதலிலேயே கொடுத்துவிட்டேன், பிறகு அவர்கள் அடிக்க அடிக்க, தர ஒன்றும் இல்லாமல் கிடந்தேன், ஒன்றும் சொல்லாமல் கிடந்தேன், அதை மற்றவர்கள் லாக்கப்பில் இருந்து கேட்டிருக்கிறார்கள், எம்புட்டு அடி, வாயைத் திறக்கல்லியே என்று. திறக்க என்ன இருந்தது? ஊர் இரண்டையும் மாற்றி அடுக்கிவிட்டது, அடி முதலில், பேர் பிறகு. நான் அடுக்கவில்லை. அடுக்கும்போது சும்மா இருந்தேன்.

"எலே சுயம்பு!" தெய்வமே. கிணற்றடியில். "ஜெயில்ல கெடந்தது நானாக்கும், அடைஞ்சு இருக்கது நீயா?" அவன் குரல் அப்படியேதான் இருக்கிறது, கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். கிருஷ்ணம்மா ஓடி வருகிறது கேட்கிறது, "அண்ணே வாருங்க, இரியுங்க, இதென்ன இப்பிடி மெலிஞ்சு போனீங்க!" "மெலியாம? ஆறு மாசம் கஞ்சியும் பயறுமாக்கும். கடப்புறத்தில பெறந்தவன் ஒரு நெத்திலி மணம்கூட இல்லாம கெடந்திருக்கேன், கொடி பிடிச்சதுக்கு வேண்டாம், அதுக்கு ஒரு மாலை போடணும் எனக்கு." அவள் சிரிக்கிறாள். கிணற்றடியிலேயே பலகையைப் போடுகிறாள், கிழங்கு வெட்டுகிற சத்தம் தொடங்குகிறது, டக், டக், அவனுக்குச் சோறு போடாமல் விடமாட்டாள். "மாலையை வேதமணி சாரு போட்டாரு," என்கிறான் அவன், "ஆளு போட்டப்போ பூ மணத்தில எனக்கு இருமல் வந்திட்டு. நான் இவனைப் பாத்தேன், காணல்ல. மேலுக்குச் சொகமில்லியோன்னு நெனச்சேன்." "எங்க அண்ணே சொகம். அண்ணைக்கு அடிச்ச அடி உங்களுக்குத் தெரியாது. எண்ணெ தேச்சுத் தேச்சு எனக்க கையில ரேகை மாஞ்சு போச்சு. அவ்வளவும் வாங்கின பொறவாக்கும் அவரு அது செல்லினது. மனசில வச்சுக்கிடாதீங்க அண்ணே." டக், டக். "என்னத்தை வைக்க? அடிச்சா ஆரும் செல்லும் கிருஷ்ணம்மா. நான்னா ரெண்டாமத்த அடிக்கே எனக்க மாமியார் பேரைச் செல்லிக் குடுத்திருப்பேன்." இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

முடிந்தது. இவ்வளவுதான். ஆறு மாசமாக நான் பயந்தது இதோ சிரிப்பாக முடிந்துவிட்டது, இனி நான் செம்பை எடுக்க வேண்டியது, காலுக்கு, முழங்காலுக்கு, முதுகுக்கு, தலைக்கு, துவட்டிக்கொண்டு வெளியே போய் அவன் பக்கத்தில் உட்கார வேண்டியது, அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டுவான், கிழங்கும் மீன்கறியும் தின்போம், ராஜையாகூட ஒரு நாள் கம்பியைத் தந்துவிடுவான். நார்பர்ட் மன்னிப்பைத் தருகிறான், வாங்கிக்கொள். அவன் தருவது வேறொரு ஆளுக்கு, அடி வாங்கிவிட்டுச் சொன்ன ஒரு ஆளுக்கு, அந்த ஆள் இங்கே இல்லை, இருந்தால் என்ன, வாங்கிக்கொள்ள ஆளா முக்கியம்? செம்பில் கையை வைக்கிறேன். வைத்த கை அங்கேயே இருக்கிறது. வாய், இந்த வாய் அன்றைக்கும் என்னைக் கேட்கவில்லை…

"நார்பர்ட்டே."

"எந்தா?"

"அடிக்கு முன்னாலயாக்கும்."

"எது லே?"

"பேரு செல்லினது. கேட்ட உடனே செல்லீட்டேன். அடி பொறவாக்கும்."

டொப். டொப். எத்தனை சொட்டு என்று எண்ணவில்லை. அவன் காலை நகர்த்துகிறான், கிணற்றுக் கல்லில் செருப்பு உரசுகிறது, எழுந்துவிட்டான், போகப்போகிறான், போகட்டும், காறித் துப்பிவிட்டுப் போகட்டும், துடைத்துக்கொள்கிறேன், அதற்குத்தானே இவ்வளவு நாள் இங்கே இருந்து பழகினேன். துப்பவில்லை. தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு, ரொம்பப் பக்கத்தில், ஓலைக்கு அந்தப் பக்கம், சின்னப் பிள்ளையிடம் சொல்கிற மாதிரி, "எண்ணெ வழுக்கும் லே. பாத்து எந்திரி. குளிச்சிட்டு வா, நான் இருக்கேன்." அவன் மறுபடி உட்காருகிறான். கோபமா, இரக்கமா, இல்லை முன்னமே தெரியுமா, ஏட்டு சொல்லியிருப்பாரோ, நார்பர்ட்டிடமே கேட்கலாம், வெளியே போனால் கேட்கலாம், அவன் எதையாவது சொல்வான், அவன் இருக்கிறான், அவன் விஷயம் அவ்வளவுதான்… ஆனால் வேறென்னவோ குறைகிறதே, காதில் என்னவோ குறைகிறதே என்று தேடுகிறேன். கிழங்கு. கிழங்கு வெட்டுகிற சத்தம் இல்லை. எப்போது நின்றது? நான் சொல்லும்போதா, சொல்லி முடித்த பிறகா? அவள் போகவும் இல்லை, போனால் கொலுசு கேட்டிருக்கும், பலகைக்கு முன்னால் கத்தியோடு அப்படியே இருக்கிறாள். ஆறு மாசம், தினம் ஒரு நாழிகை, நார்பர்ட்டின் முகத்துக்கு என்று நான் மூச்சை எண்ணி எண்ணி வைத்திருக்கிறேன், அவன் அடித்தால், அவன் துப்பினால், அவன் சிரித்தால். இவள் முகத்துக்கு ஒரு மூச்சுகூட எண்ணி வைக்கவில்லை. தோன்றவே இல்லை. நார்பர்ட் ஏதோ கேட்கிறான் அவளிடம், மீன்கறி என்ன மீன் என்று.  நான் காதை ஓலையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன், கத்தி பலகையில் மறுபடி விழுமா என்று, இன்னும் இல்லை, இன்னும்…