வியாதி இல்லாத தெரு

வீரையனுக்குக் கணக்கெடுக்க வருகிறவர்களைக் கண்டாலே ஆகாது. கொரோனா சமயத்தில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்று உண்மையைச் சொன்னதற்குத் தெருவையே தகரம் வைத்து அடைத்தார்கள். அதிலிருந்து எந்த வியாதியையும் வெளியே சொல்லக்கூடாது என்று அவர் வைத்ததுதான் அந்தத் தெருவில் சட்டம்.

புரட்டாசியில் நர்ஸ் சுடர்விழி வீடு வீடாக வந்தாள். கிட்னி கெட்டவர்கள் எந்த ஊரில் அதிகமோ, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் வைக்கப்போகிறார்களாம்.

"கிட்னி போச்சுன்னு சொல்லிப் பாருங்க, நம்ம பொண்ணுங்கள எவன் கட்டுவான்?" என்று வீரையன் முன்கூட்டியே தெருவின் வாயைக் கட்டிவிட்டார். அவர் மகள் மலர்க்கொடிக்குக் குடவாசலில் டிராக்டர் வைத்திருக்கிற வீட்டில் சம்பந்தம் பேசியிருந்தது. மகன் அன்பரசனுக்கோ இரண்டு கிட்னியும் போய்க்கொண்டிருந்தன. கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

அதற்காகவே அவனை நாற்றங்காலில் இறக்கிவிட்டார். முழங்கால் சேற்றில் நாற்றுப் பறிக்கிறவன் காலை எவள் பார்க்கப்போகிறாள்?

"அண்ணே, வரப்புக்கு ஏறி வாங்க. பிரஷர் பாக்கணும்" என்றாள் சுடர்விழி.

"அவன் ஏறிட்டா நாத்துமுடி யாரு கட்டுறது? நீ கட்டுறியாம்மா?" என்றார் வீரையன்.

"மொகமெல்லாம் உப்பியிருக்கேங்க?"

"திங்கிறான், உப்புறான். உங்க ஆஸ்பத்திரிக் கஞ்சியா குடிக்கிறான்?"

நடவுப் பெண்கள் சிரித்தார்கள். அன்பரசனும் சிரித்தான். அவள் போனதும் அவனை இரண்டு பேர் தூக்கித்தான் கரையேற்றினார்கள்.

ஐப்பசியில் கிராம சபை கூடியது. டாக்டர் அருள்ஜோதி எழுந்தார். "இந்த ஊர்ல கிட்னி நோயாளி ஒருத்தர்கூட இல்லேங்கிறாங்க. கடைசியா கேக்குறேன். இருந்தா கை தூக்குங்க. இல்லேன்னா மெஷின் குடவாசலுக்குப் போயிடும்."

அன்பரசன் கை மெல்ல எழுந்தது. வீரையன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"தூக்குனியோ, உன் தங்கச்சி கழுத்துல தாலி ஏறாது."

எதிர்வரிசையில் இருந்த மலர்க்கொடி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கை இறங்கியது.

மெஷின் குடவாசலுக்குப் போனது. சம்பந்தி ஊரில் போய் மகனைப் படுக்கவைக்க முடியுமா? டயாலிசிஸுக்கு வாராவாரம் தஞ்சாவூருக்குத்தான் பஸ்ஸில் கூட்டிப்போனார். கல்யாணப் புடவை எடுக்கப் போனதில் ஒரு வாரம் அதுவும் தவறிப்போயிற்று.

மறுவாரம் பஸ் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றது. நெல் ஏற்றிய கூட்ஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. அன்பரசனுக்கு மூச்சு இழுத்தது.

முன்சீட்டில் இருந்த ஹஃப்ஸா திரும்பினாள். குடவாசலில் துணிக்கடை வைத்திருக்கிறவள், அவருக்கு முகம் தெரியும். "தம்பிக்கு என்னங்க? எங்கண்ணனுக்கும் கிட்னி போனப்ப இப்படித்தான் இழுத்துச்சு. நூத்தியெட்டுக்குப் போன் போடட்டுமா?"

அன்பரசன் அவளைப் பார்த்து வாயைத் திறந்தான். வீரையன் துண்டால் அந்த வாயைத் துடைப்பதுபோல் மூடினார்.

"ராத்திரி குடிச்சது இன்னும் தெளியலம்மா. விடுங்க, தூங்கட்டும்."

"த்தூ" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேட் திறந்தது. பஸ் குலுங்கியதில் அன்பரசன் தலை தொங்கி இப்படியும் அப்படியும் ஆடியது. கழுத்தில் பிடிமானம் இல்லை, மூச்சு இழுக்கிற சத்தமும் இல்லை. வீரையன் அதை இழுத்துத் தன் தோளில் அணைத்து வைத்துக்கொண்டு, தஞ்சாவூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.