ஒரு நேரத்தில் ஒருவர்

ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததிலிருந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘இந்தப் புத்தகத்தை வேறொருவர் படித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்.’

பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பக்கம் அது. தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல் படிக்கும் எங்களுக்கு அலமாரி, மேசை எல்லாம் அந்தப் பக்கம்தான். மின்னூல்தான் என்றாலும் நூலகம் ஒரு பிரதிக்கான உரிமையைத்தான் வாங்கியிருந்தது. ஒருவர் திறந்துவைத்திருந்தால் அடுத்தவர் காத்திருக்க வேண்டும்.

அன்று மாலை வகுப்புக்கு முன் கட்டுரையை இணையத்தில் ஏற்ற வேண்டும். அந்தப் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயம் இல்லாமல் கட்டுரை இல்லை. கட்டுரை இல்லாதவர்கள் தேர்வு எழுத முடியாது என்று வகுப்பெடுக்கும் தேவசகாயம் சார் தெளிவாகச் சொல்லிவிட்டார். போன வருடம் இதே பாடத்தில் எனக்கு இப்படித்தான் தேர்வு தவறியது.

முன்னுரை எழுதினேன். அழித்தேன். மேற்கோள் வர வேண்டிய இடங்களைக் காலியாக விட்டுத் தலைப்புகளுக்கு எண் போட்டேன். பக்கத்தைப் புதுப்பித்தேன். அதே வரி. முந்தின நாளே புத்தகத்தைத் திறந்திருக்கலாம். எந்த வரிசையில் குறிப்பெடுப்பது என்று முடிவு செய்வதிலேயே அந்த நாளைக் கழித்திருந்தேன்.

பக்கத்தின் மூலையில் ‘உதவி’ என்றொரு சிறு பெட்டி. கேட்டேன். பொறுமைக்கு நன்றி என்றது இயந்திரம். மறுபடி கேட்டேன். மறுபடி நன்றி. ‘அவசரம்’ என்று எழுதிய பிறகு ஒரு மனுஷி வந்தார்.

‘வணக்கம். நான் இளவரசி, நூலகர். சொல்லுங்கம்மா.’

சொன்னேன்.

‘அந்த வாசகர் ரொம்ப நேரமாகப் பக்கம் புரட்டவில்லை. படிக்கிறீர்களா என்று அவர் திரையில் ஒரு கேள்வி அனுப்பலாம். பதில் வராவிட்டால் புத்தகத்தை உங்களுக்குத் தரலாம். கேட்கட்டுமா?’

யார் அவர் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. சொல்லமாட்டார்கள். ‘கேளுங்கள்’ என்று எழுதினேன்.

சற்று நேரத்தில் புத்தகம் திறந்தது. மூன்றாம் அத்தியாயத்தின் முதல் பத்தியைத்தான் படித்திருப்பேன், வகுப்பு வாட்ஸப் குழுவில் நிக்கத்தின் குரல் வந்தது.

“யாருப்பா அது? கஸ்டமர் வந்தாங்கன்னு எந்திரிச்சிப் போனேன், திரும்பி வந்து பாத்தா புக்கக் காணோம். காலைல இருந்து ஒரு பெட்டி ஒட்டுறது, ஒரு வரி படிக்கிறதுன்னு ஓட்டிக்கினு இருந்தேன். இப்போ வரிசைல நான் கடைசி. எடுத்தவங்க நல்லா இருங்க! பேஜாரா இருக்குதுப்பா.”

நிக்கத் ஞாயிறு மாலை நேரடி வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கை. அவள் அப்பா அக்பர் பாய் பிள்ளையார்பாளையத்தில் பட்டுப்புடவைக்கான அட்டைப்பெட்டிக் கடை வைத்திருக்கிறார். முகூர்த்த மாதம் என்றால் ஞாயிறும் கடை உண்டு.

‘நான்தான்’ என்று குழுவில் எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். படித்து முடித்து மூடினால் அவளுக்குப் போய்விடுமே என்று நினைத்தேன். பிறகு சந்தேகம் வந்து இளவரசியைக் கேட்டேன்.

‘நடுவில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். வரிசையை நான் மாற்ற முடியாதும்மா.’

பக்கங்களைப் படமெடுத்து அனுப்பப் பார்த்தேன். கறுப்பாக விழுந்தது. மூடாமல் கைப்பேசியோடு அவள் கடைக்கே கொண்டுபோனால் என்ன என்று தோன்றியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

புரட்டாமல் வைத்திருந்தால் என்னிடமிருந்தும் போய்விடும். ஒரு பக்கம் முன்னே, ஒரு பக்கம் பின்னே என்று தள்ளிக்கொண்டே நடந்தேன். பிள்ளையார்பாளையத்தில் தெரு நீளத்துக்குப் பச்சைப் பட்டிழையைத் தறிக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். சுவரோடு ஒட்டி நடந்தும் முழங்கை இழையில் இடித்துவிட்டது.

“கண்ணு எங்கம்மா இருக்குது? இழை அறுந்தா நீயா முடிபோடுவ?” என்று கத்தினார் ஒருவர்.

மன்னிப்புக் கேட்டு நிமிர்ந்தால் திரையில் வட்டம் சுற்றியது. சிக்னல் இல்லை. இங்கே அறுந்தால் இரண்டு பேருக்குமே இல்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் பாதி அத்தியாயம் முடிந்திருக்கும். திரும்பிவிடலாமா என்று நின்றேன். பக்கம் வந்தது. நடந்தேன்.

கடையில் நிக்கத் பெட்டி மூடிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

“இன்னா சுகாசினி, இந்தப் பக்கம்? நம்பர் போட்டு எழுதறவ நீ, நேத்தே முடிச்சிருப்பியே!”

கைப்பேசியை நீட்டினேன். பார்த்தாள். பசைத் தூரிகை அப்படியே நின்றது.

“நீயா?”

“யாருன்னு தெரியாது நிக்கத்.”

“தெரிஞ்சிருந்தா?”

எடுத்திருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். “மொதல்ல உனக்கு போன் பண்ணியிருப்பேன். நீ விடலைன்னா, அப்பவும் கேட்டிருப்பேன்னு நினைக்கிறேன்.”

“பொய் சொல்லக்கூட வரல உனக்கு.” அவள் சிரிக்கவில்லை. “அப்புறம் இன்னாத்துக்கு எடுத்துக்கினு வந்த? உக்காந்து படிக்க வேண்டியதுதானே?”

“படிச்சேன். மண்டைல ஏறல. நான் மூடினாலும் உனக்கு முன்னாடி இன்னும் மூணு பேரு இருக்காங்களாம்.”

“நிக்கத், மூடி கேக்குறாங்கம்மா!” என்று உள்ளேயிருந்து அக்பர் பாய் குரல் கொடுத்தார். எழுந்தவள் திரும்பிப் பார்த்து, “பொரட்டு, பொரட்டு. தூங்கிடப் போவுது” என்றாள்.

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஒரு வரியை இரண்டு முறை படித்தால்தான் நம்புவேன். அவள் விரல் அதற்குள் திரைக்கு வந்துவிடும்.

“இரு, முடிக்கல.”

“நீ முடிக்கிறதுக்குள்ள இந்தப் பொடவைக்கெல்லாம் கல்யாணமே முடிஞ்சிடும். வாய்விட்டுப் படி. நான் ஒட்டிக்கினே கேக்குறேன்.”

படித்தேன். வேண்டிய இடத்தில் நிறுத்தச் சொன்னாள். மேற்கோள்களை நான் எழுதி அவளுக்கும் அனுப்பினேன். ஓர் இடத்தில் என்னோடு சண்டை போட்டாள், நூலாசிரியர் சொல்வது தப்பு, எங்கள் தெருவுக்கு வந்து பார்க்கட்டும் என்று. அதையே கட்டுரையில் எழுதப்போவதாகவும் சொன்னாள்.

அத்தியாயம் முடிந்தது. நான் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன்.

“இன்னா பண்ற?”

“பக்க எண்ணெல்லாம் ஒருதரம் சரிபாத்துக்கறேன்.”

“இன்னும் மூணு பேரு இருக்காங்கன்னு சொன்னியே. அவங்களுக்கும் இன்னிக்கித்தானே கடைசி? மூடு.”

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சந்தேகமா இருக்குது...”

“எழுதும்போது உனக்கு ஒவ்வொண்ணும் சந்தேகமாத்தான் இருக்கும். மூடுமா.”

மூடினேன். அடுத்த வாசகருக்கு அனுப்பப்பட்டது என்று வந்தது. கவிழ்த்த பெட்டிகளை மேசையாக்கி இருவரும் எழுதினோம். வகுப்புக்குக் கிளம்பும் முன் அவள் கட்டுரையும் என் கட்டுரையும் ஏறிவிட்டன. அந்தச் சந்தேகமான பக்க எண்ணை மட்டும் ஞாபகத்திலிருந்து போட்டேன். நாற்பத்தேழா, நாற்பத்தெட்டா என்று வகுப்பு முடியும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது.