சல்லடையில் தேய்த்த சார்கிகான்

பதினோரு வருஷமாக நோல்ஃபா மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்த முகம், ஜூன் மாதத்துக் குளிர்கால மழையில் குடைகூட இல்லாமல் அவள் வீட்டு இரும்பு கேட்டுக்கு வெளியே நின்றது.

"அலோ! சென்யோரா நோல்ஃபா!"

நோல்ஃபா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். கேட்டுவரைக்கும் போகவில்லை. தகரக் கூரையின் விளிம்புக்குக் கீழே, நனையாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகலை."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

மாரிட்சா முகத்தில் வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்தாள். அவள் துறைமுகத்துப் பக்கம் மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்ப்பவள். நோல்ஃபாவைவிடப் பதிமூன்று வயது இளையவள். நோல்ஃபாவோடு இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய பஸ் டிரைவர் எலியோதோரோ, ஒரு நாள் தன் சட்டைகளை இரண்டு பைகளில் அடைத்துக்கொண்டு இவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். தோமே ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் அது.

"அவர் சாப்பிட மாட்டேங்கிறார். தொண்டையில புத்துநோய்க்குக் கதிர் வச்சதுலேர்ந்து வாயெல்லாம் புண்ணு. எதைக் கொடுத்தாலும் இரும்பைக் கடிக்கிற மாதிரி இருக்குங்கிறார். ஒன்பது கிலோ இறங்கிட்டார். வெள்ளிக்கிழமைக்குள்ள சாப்பிட ஆரம்பிக்கலேன்னா மூக்கு வழியா குழாய் போடணும்னு டாக்டர் சொல்லிட்டார்."

"யாஸ்னா சொன்னா." யாஸ்னா நோல்ஃபாவின் மகள். மாதம் ஒருமுறை அப்பாவைப் போய்ப் பார்த்து வருபவள்.

"சார்கிகான் வேணுமாம்."

"செஞ்சு போடு. பரங்கிக்காயையும் உருளைக்கிழங்கையும் கறியோட வேகவச்சு மசிக்கத் தெரியாத பொம்பளை இந்த நாட்டுல உண்டா?"

"மூணு தடவை செஞ்சுட்டேன். இது இல்லை, இது இல்லைங்கிறார்." மாரிட்சா தரையைப் பார்த்தாள். "உங்களோடது வேணுமாம்."

நோல்ஃபாவுக்கு உச்சந்தலைவரை இனித்தது. "என்ன சொன்னே? மழையில கேக்கலை."

"உங்க கையால செய்வீங்களே, அந்த சார்கிகான் வேணுமாம்."

"இன்னும் கொஞ்சம் சத்தமா."

மாரிட்சா கத்திச் சொன்னாள். எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. நோல்ஃபாவுக்குத் திருப்தி.

முடியாது என்று சொல்லி உள்ளே போயிருக்கலாம். சீரகத்தை மூன்று மடங்காகச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்திருக்கலாம். அந்த யோசனையும் ஒரு நிமிஷம் வந்தது. ஆனால் அதைத் தின்றுவிட்டு, "நோல்ஃபாவுக்குக் கைப்பக்குவம் போயிடுச்சு" என்று அவன் சொல்லிவிட்டால்? அதை அவளால் பொறுக்க முடியாது. அதனால் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். கேட்டை மட்டும் திறக்கவில்லை. மாரிட்சா மருந்துக்கடைக் காகிதப் பையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். மை கரைந்து ஓடியது.

"கறியைக் கத்தியால பொடியா கொத்து. கடையில அரைச்சு வாங்காதே, சோம்பேறித்தனம் பண்ணாதே. மாட்டுக் கொழுப்பு உருக்கி வெங்காயத்தை வதக்கு. அதுக்குப் பொறுமை வேணும், உனக்கு வராது. பூண்டு, சீரகம், ஓரெகனோ இலை, சிவப்பு மிளகாய்ப் பொடி. பரங்கியும் கிழங்கும் சரிக்குச் சரி. வெந்ததும் மரக்கரண்டியால மசி. கூழாக்கிடாதே, அங்கங்க கட்டி நிக்கணும். கடைசியில சோளம். தட்டுல வச்சதும் மேல ஒரு முட்டையைப் பொரிச்சுப் போடு."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன, மந்திரமா?"

"ரொம்ப நன்றி சென்யோரா."

"உன் நன்றியை நீயே வச்சுக்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாஸ்னா வந்தாள். விறகடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, குழாய் போடவில்லை, அப்பா சாப்பிட ஆரம்பித்துவிட்டார் என்றாள்.

"பின்னே? என் சமையல்னா சும்மாவா?"

"அதுலதான்மா ஒரு விஷயம். நீ சொன்னபடி செஞ்சதை அவரால விழுங்க முடியலை. எரியுதுன்னு அழுதுட்டாராம். அப்புறம் அவ வெங்காயத்தை எடுத்துட்டா. சிவப்புப் பொடி கிடையாது. உப்பு கிடையாது. கறியை வேகவச்சு மிக்ஸியில அரைச்சு, எல்லாத்தையும் சல்லடையில தேய்ச்சு, பால் ஊத்தி, பச்சை மஞ்சக்கருவைக் கலந்து கொடுக்கிறா."

"அது சார்கிகானா? பல்லு முளைக்காத குழந்தைக்குக் கொடுக்கிற கூழுடீ!"

"ஆனா அப்பா அதை நோல்ஃபா சார்கிகான்னு சொல்லித்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுறார்."

அதுதான் நோல்ஃபாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தக் கூழுக்குத் தன் பெயரா?

திங்கட்கிழமை காலையிலேயே முறைப்படி ஒரு பானை செய்தாள். துண்டில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கினாள். அந்த வீட்டுக் கதவை அவள் தட்டியது அதுதான் முதல் தடவை. மாரிட்சா பாதிக் கதவைத் திறந்தாள்.

"யாரு செத்தாங்க?"

நோல்ஃபா அவளை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கட்டிலில் கிடந்தவனைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. கழுத்துத் தோல் கருகியிருந்தது. தோள் எலும்பு பனியனுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. "நோல்ஃபா..." என்றான். குரல் என்று அதைச் சொல்ல முடியாது, காற்று.

"பேசாதே. வாயைத் திற."

ஒரு கரண்டி ஊட்டினாள். அவன் அதை வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். கண்ணில் நீர் கோத்தது. விழுங்கப் பார்த்தான், முடியவில்லை. துண்டை எடுத்து அதில் துப்பிவிட்டு, திருட்டில் பிடிபட்டவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாரிட்சா தன் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். அதில் அவன் பன்னிரண்டு கரண்டி சாப்பிட்டான். நோல்ஃபா நின்றபடியே எண்ணினாள். தான் இல்லாமல் இவன் தவிப்பதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் இறங்கி வந்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கே புரிந்தது. புரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

நேராகச் சமையலறைக்குப் போய், அடுப்பிலிருந்த சட்டியில் கரண்டியை விட்டு ருசி பார்த்தாள்.

"தண்ணியா இருக்கு."

"என் சட்டியில கை வைக்காதீங்க."

"பரங்கியை எதுக்கு வேகவைக்கிறே? தோலோட அடுப்புல சுடு. இனிப்பு ஏறும், உப்பில்லாத குறை தெரியாது."

"நான் கேக்கலை."

"பாலை நிறுத்து, தொண்டையில கோழை கட்டுது. எலும்பு வேகவச்ச தண்ணியில கரை."

"கேக்கலைன்னு சொல்றேன்ல? பானையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்புங்க."

"உன் வீட்டுல விருந்தாட வரலை நான்."

நிறைந்த பானையோடு மலை ஏறினாள். நான்கு நாள் அதையே சூடாக்கித் தின்றாள். வியாழக்கிழமை ஃபோனில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"பரங்கியைச் சுட்டேன். ஒரு கிண்ணம் கூடுதலா சாப்பிட்டார். ஆனா ஒரு மணி நேரம் ஆகுது. உங்களை மாதிரி நான் வேலை வெட்டி இல்லாதவ இல்லை."

"துண்டு துண்டா வெட்டிச் சுடு, அரை மணிதான். இதுகூடவா தெரியாது?" என்று நோல்ஃபா பதில் அனுப்பினாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று. ஒவ்வொரு செய்தியிலும் ஒரு வசவு, ஒரு சமையல் குறிப்பு. சோளத்தை அரைத்தாலும் தோல் சிக்குகிறது என்று மாரிட்சா எழுதினால், சல்லடை ஓட்டை பெரிசு, உன் மூளையைப்போல என்று நோல்ஃபா எழுதினாள். வாய் காய்ந்து போகிறது என்றால், ஆறவிட்டுக் கொடு, கொதிக்கக் கொதிக்க ஊற்ற அவன் என்ன பஸ் இன்ஜினா என்றாள். ஆகஸ்டில் மாரிட்சாவிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. கன்செப்சியோன் நகரத்து ஆஸ்பத்திரியில் கதிர் வைக்கும் இடத்தில் காத்திருந்த ஏழெட்டுப் பேர் அந்தச் சல்லடை சார்கிகான் குறிப்பை எழுதி வாங்கிக்கொண்டார்களாம்.

"என் பேரைச் சொன்னியா?"

"சொன்னேன். ருசியில்லைன்னு யாராவது திட்டினா உங்களையே திட்டட்டும்னு."

நோல்ஃபா அதை யாஸ்னாவிடம் காட்டி, "பார்த்தியா அவ திமிரை!" என்றாள். பிறகு அன்றைக்கே இன்னும் இரண்டு பேரிடமும் காட்டினாள்.

அக்டோபரில் எலியோதோரோ ரொட்டியை நனைத்துத் தின்றான். நவம்பரில் உப்புக் கேட்டுச் சண்டை போட்டான். செய்திகள் குறைந்தன. கடைசியாக வந்தது இது:

"இன்னைக்கு வெங்காயம், கொழுப்பு, சிவப்புப் பொடி எல்லாம் போட்டு உங்க முறைப்படி செஞ்சேன். முழுசா சாப்பிட்டார். சாப்பிட்டுட்டு, சல்லடையில தேய்ச்சதுதான் நல்லா இருந்துச்சுன்னார். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

நோல்ஃபா இரண்டு தடவை படித்தாள். என்னென்னவோ தட்டினாள், அழித்தாள். பிறகு அந்த எண்ணிலிருந்து எதுவும் வராதபடி தடுத்துவிட்டாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணே?" என்று யாஸ்னா கேட்டாள்.

"அவன்தான் பிழைச்சுட்டானே. இனிமே அவளுக்கு என்கிட்ட என்ன பேச்சு?"

டிசம்பரில் ஒரு நாள் காய்கறிச் சந்தையில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவே இருந்த குறுகலான வழியில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். யாரும் ஒதுங்கவில்லை. தோளோடு தோள் இடித்தது.

"கண்ணு தெரியலையா?" என்றாள் நோல்ஃபா.

"உனக்குத் தெரியலையா?" என்றாள் மாரிட்சா.

இத்தனை நாளும் "நீங்க" என்று பேசியவள். நோல்ஃபா விறுவிறுவென்று நடந்தாள். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பது, மீன் கடைகளைத் தாண்டிப் போன பிறகுதான் அவளுக்குத் தோன்றியது.