கிங்கிணி கனத்த வருடம்

குளத்தூர் தங்கபாய் வீட்டுக் கிளிக்குஞ்சு, தன் ஏழாவது மாதத்தில், ஒரு புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு, நான்கு ஆண்கள் சேர்ந்து தூக்கியும் அசையாத கனத்துக்கு வந்தது. தொங்கிய கூடு, கொக்கியை உத்தரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு விழுந்து சிமென்ட் தரையில் பள்ளம் போட்டது. கிளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பள்ளத்தில் இருந்தபடி சூரியகாந்தி விதை உடைத்துக்கொண்டிருந்தது.

காட்டாக்கடைச் சந்தையில் வாங்கிய மஞ்சள் கிளி அது, பெயர் கிங்கிணி. கணவர் ராபின்சன் இறந்தபின் பேச்சுத்துணைக்கென்று வாங்கி, சிரிஞ்சில் மாவு கரைத்து ஊட்டி வளர்த்தாள் தங்கபாய். ஆறு மாதம்வரை தபால்காரர் தொட்டாலும் தலையைச் சாய்த்துக் கொடுத்த பறவை, திடீரென்று கையைக் கண்டால் கத்தத் தொடங்கியது, பிறகு கொத்தியது. கத்தியும் கொத்தியும் கை பின்வாங்காதபோதுதான் கனத்தது. அதே நாட்களில் தங்கபாயின் அண்ணன் ஜெயதாஸும் ஒரு முடிவெடுத்திருந்தார். ராபின்சனின் முதலாண்டு நினைவு ஜெபத்தில், ஆமெனுக்கும் சோறு பரிமாறலுக்கும் நடுவே, தங்கச்சி இனி கோட்டுகாலில் தன்னோடு இருப்பாள், இந்த வீடு பூட்டிக் கிடக்கும் என்று அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். தங்கபாய் அப்போது அடுக்களையில் பப்படம் பொரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சேதி மறுநாள் போனில் வந்தது.

கிளிக்குப் பிசாசு என்றது சபையின் ஜெபக்குழு. வந்து பாடினார்கள், கிளி அவர்களைவிட உரக்கப் பாடியது. அடுத்த வீட்டு அம்மிணி கண்ணேறு என்று சொல்லி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். கனம் குறையவில்லை. கடைசியில் பாறசாலையிலிருந்து மிருக டாக்டர் நீது வந்து, கூட்டைத் திறந்து விரலை நீட்டிவிட்டுப் பேசாமல் நின்றாள். பதினொரு நிமிடம். கிங்கிணி விரலைப் பார்த்தது, ஆளைப் பார்த்தது, தானாக ஏறி உட்கார்ந்தது. டாக்டரின் சின்னத் தராசில் நூற்றுப்பத்து கிராம் காட்டியது.

"தீனம் ஒண்ணும் இல்ல சேச்சி. குஞ்சா இருந்தப்போ ஆரு தொட்டாலும் சம்மதிச்சு. இப்பம் பிராயம் ஆச்சு, வேண்டாம்னு சொல்லப் படிச்சிருக்கு. கையை நீட்டிட்டு நில்லுங்க. வந்தா வரட்டு. இல்லேங்கி விட்டிரணும்."

தங்கபாய் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ஜெயதாஸ் கெட்டவர் அல்ல. தங்கச்சி தனியே விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று பயந்தார். அந்தப் பயத்துக்காக அவள் வீட்டைப் பூட்டலாம் என்று யார் அவருக்குச் சொன்னார்கள் என்பதுதான் தெரியவில்லை. வீடு மாற்ற அவர் குறித்த சனிக்கிழமை, சாமான் ஏற்றப் பிக்கப் வண்டியும் கிளியை ஏற்ற ஜேசிபியும் வந்தன. ஊரே கூடியது, கிளியைப் பார்க்க அல்ல, ஜேசிபியைப் பார்க்க. கூட்டைப் பூட்டிச் சங்கிலி மாட்டி இழுத்தபோது ஜேசிபியின் பின்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பின. ஓட்டுநர் சிஜு எஞ்சினை அணைத்தான்.

"சேட்டா, இந்தக் கிளிக்கு எனக்க வண்டி போராது."

"கிளி கெடக்கட்டு. எட்டி, நீ வா" என்று ஜெயதாஸ் தங்கபாயின் முழங்கையைப் பிடித்தார். அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் நான்கு கால்களும் சத்தமில்லாமல் சிமென்டுக்குள் இறங்கின. ஜெயதாஸ் இழுத்தார், அவருடைய இரண்டு மகன்களும் இழுத்தார்கள், பிக்கப் டிரைவரும் ஒரு கை கொடுத்தான். அவளுடைய சேலை மடிப்புகூடக் கலையவில்லை.

"எனக்க வீட்டை விட்டு நான் வாறதா இல்ல அண்ணா. எங்கிட்ட ஆரும் கேக்கவும் இல்ல."

ஜெயதாஸ் மறுகையால் வியர்வையைத் துடைத்தார். "செரி, இப்பம் கேக்குதேன். வாறியா?"

"இல்ல."

அவர் கையை விட்டார். தங்கபாய் லேசாக எழுந்து, கூட்டைத் திறந்துவிட்டு, அத்தனை பேருக்கும் சாயா போடப் போனாள். நாற்காலி இன்றும் தரையில் புதைந்தபடி இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த உயரம் தோதாக இருக்கிறது.

அந்த வருடம் குளத்தூரில் மேலும் மூன்று பெண்கள் கனத்தார்கள். ஒருத்தி கல்யாண நிச்சயத்தின்போது. ஒருத்தி, வெளிநாட்டு வேலைக்கென்று ஏற்றிய காரில். டயர் நான்கும் வெடித்தன. மூன்றாவது அம்மிணி, காரணத்தை அவள் வீட்டார் சொல்வதில்லை. ஜேசிபிக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. என்ன கேட்க வேண்டும் என்பது அதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது.

ஜெயதாஸ் ஞாயிறு ஆராதனை முடிந்து வருகிறார். வாசலில் நின்று, "வரட்டா?" என்று கேட்கிறார். வரச் சொன்னால் உள்ளே வந்து, சாயா ஆறும்வரை கிங்கிணியின் முன் விரலை நீட்டிக்கொண்டிருக்கிறார். அது இன்னும் ஏறவில்லை. அவர் கையை மடக்கி, ஆறிய சாயாவைக் குடித்துவிட்டுப் போகிறார். அடுத்த ஞாயிறும் வருகிறார்.