கணக்கு வகுப்பில் நல்லிணக்கம்

பூர்வகுடி மக்களுக்கு இழைத்த அநீதியை நினைத்து ஆஸ்திரேலியா ஆண்டுதோறும் வருந்தும் நல்லிணக்க வாரம் வந்தாலே டனிகாவுக்குத் திண்டாட்டம்தான். மர்ரே ஆற்றங்கரைப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் அவள் ஒருத்திதான் பூர்வகுடிப் பெண். ஆகவே, மொத்தப் பள்ளியின் குற்ற உணர்ச்சியையும் அவளே தாங்க வேண்டியிருந்தது. மாணவர் நலன் பார்க்கும் விட்லாக் சார், தினமும் கணக்கு வகுப்பு தொடங்கியதும் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, சாக்லேட் பிஸ்கட்டை நீட்டி, "மனசு எப்படிம்மா இருக்கு?" என்பார்.

வெள்ளிக்கிழமை அவரே அழுதுவிட்டார். "இருநூறு வருஷமா உங்க ஜனங்களுக்கு நாங்க பண்ணினது..."

டனிகா டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். "அழாதீங்க சார். அதுல உங்க பங்கு கம்மிதான்."

"உனக்கு நான் என்ன செய்யணும்? எதுவானாலும் கேளு."

"என்னைக் கணக்கு வகுப்புல உட்கார விடுங்க சார். மனசு நல்லாத்தான் இருக்கு. கணக்குதான் கவலைக்கிடமா கிடக்கு."

விட்லாக் நெகிழ்ந்துபோய், இனிமேல் கூப்பிடவே மாட்டேன் என்று சத்தியம் செய்தார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார்.

திங்கட்கிழமை கணக்குப் பரீட்சைத் தாளைக் கொடுத்தார்கள். நூற்றுக்குப் பதினொன்று. கணக்கு டீச்சர் அவள் தோளில் கை வைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மனசு உடைஞ்சு போயிருப்பே. பாடம் கிடக்கட்டும், நீ விட்லாக் சார் ரூமுக்குப் போய்ட்டு வா."